விடியலில் கலையாத வேஷம்

(காஞ்சிபுரத்தில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிட்டீர்கள். கவிதைக்குப் பதிலாக இன்று வேஷத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

'வேஷம் போடுறான்' என்பது நம் ஊரில் ஒரு வசவு. நான் வங்கியில் கிளார்க். வேலைக்குச் சேர்ந்த புதிது. பணம் கட்ட வந்த ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: 'காலனிப் பையன். இஸ்திரி மடிப்பும் ஷூவும், வேஷத்தப் பாரு.' மெதுவாகத்தான் சொன்னார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்காது என்று நினைத்திருக்கலாம். நான் நோட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தவறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அன்றைக்குத் தவறிய எண்ணிக்கை இன்னும் எனக்குச் சரியாகவில்லை. ஒரு சட்டை எப்போது உடை, எப்போது வேஷம்? அதைத் தீர்மானிக்கிறவன் யார்?

இதே ஊரில் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்திவரதர் தரிசனம் நடந்தது. நாளுக்கொரு நிறத்தில் பட்டு. வைகாசி பிரம்மோற்சவத்தில் ஐந்தாம் நாள் வரதராஜப் பெருமாள் பெண் உடையில், நாச்சியார் திருக்கோலத்தில் புறப்படுகிறார். அதற்கெல்லாம் பெயர் அலங்காரம், கோலம், சேவை. சாமி உடை மாற்றினால் திருக்கோலம், சேரிக்காரன் சட்டை மாற்றினால் வேஷம். ஒரே காரியத்துக்கு இரண்டு சொல் வைத்திருக்கிற மொழியில்தான் நாம் கவிதை எழுதிக்கொண்டிருக்கிறோம். நிற்க.

என் அக்கா மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். 2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 'காமிக் கான்' முதல் தடவையாக நடந்தபோது வேஷம் கட்டிக்கொண்டு போனான். காஸ்ப்ளே என்கிறார்கள். காஸ்ட்யூம், ப்ளே என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டி 1980களில் ஜப்பான்காரர்கள் உண்டாக்கிய சொல். படக்கதையிலோ சினிமாவிலோ வருகிற ஒரு பாத்திரத்தின் உடையைத் தானே செய்து மாட்டிக்கொண்டு, அன்றைக்குப் பூராவும் அந்தப் பாத்திரமாகவே திரிவது. கதை கிடையாது, விருத்தம் கிடையாது, தாளம் கிடையாது. வேஷம் மட்டுமே கூத்து.

பையன் ஒரு மாதமாக ஃபோம் அட்டையை வெட்டிப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். கருப்புச் சிறுத்தை வேஷம். பிளாக் பேந்தர். படக்கதையில் வரும் ஆப்பிரிக்க ராஜா, 2018இல் சினிமாவாகவும் வந்தது. துணி தைத்துக் கொடுத்தது அக்கா. போகிறதுக்கு முதல் நாள் ராத்திரி மாட்டிப் பார்க்கிறான். தோள் பக்கம் சரிந்து சரிந்து விழுகிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்த என் நைனா எழுந்து வந்தார்.

'யார் வேஷம்டா?'

'ராஜா, தாத்தா. ஆப்பிரிக்காவுல ஒரு ராஜா.'

'ராஜாவுக்குத் தோள் தொங்கக்கூடாது. நாடா எடு.'

அக்குளுக்குக் கீழே கொடுத்து முதுகில் குறுக்காக இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார். தோள் நிமிர்ந்துவிட்டது. அப்புறம் அந்த ஃபோம் அட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: 'நல்லா லேசா கீது. கட்டை லேசா இருக்கணும். கனம் தெரிஞ்சா ராஜா மாதிரி நிக்க முடியாது, மூட்டை தூக்குறவன் மாதிரிதான் நிப்ப.'

இதைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. என் நைனா கூத்துக்காரர்.

நம் பக்கத்துக் கூத்தை நகரத்து அறிவாளிகள் தெருக்கூத்து என்றே எழுதுகிறார்கள். கூத்துக்காரர்களிலேயே ஒரு சாராருக்கு அந்தப் பெயரில் ஒரு இளக்காரம் தட்டுப்பட்டது. 1990இல் இங்கே அவர்கள் சங்கம் வைத்தபோது 'கட்டைக்கூத்து' என்றே பெயர் வைத்தார்கள். கட்டை என்றால் கிரீடமும் தோளிலும் மார்பிலும் கட்டுகிற மர அணிகளும். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, வண்ணம் தீட்டி, கண்ணாடிச் சில்லு ஒட்டியவை. கல்யாண முருங்கை லேசான மரம். ராத்திரி பத்து மணிக்குக் கட்டினால் விடியும்வரை அதோடு சுற்றி ஆட வேண்டும். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் சலங்கை முதலில் கேட்கும். பிறகு கிரீடத்தின் உச்சி தெரியும். திரை விலகும்போது நேற்றுவரை கழனியில் சேற்றில் நின்றவன் அங்கே இல்லை. துரியோதனன் நிற்கிறான், கர்ணன் நிற்கிறான்.

நைனா கட்டுவது கர்ணன். எங்கள் பக்கம் கருமாதிக்குக் 'கர்ண மோட்சம்' வைப்பது வழக்கம். செத்தவர் மோட்சம் போக கர்ணன் விடியும்வரை சாக வேண்டும். சேரி ஜமாவில் அவர்தான் கர்ணன். நான் பிறப்பதற்கு முன்னால் பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில், ஊர்த் தெருவில், பெரியவர் ஒருவருக்குக் கருமாதி. ஊர் ஜமாவில் கர்ணன் கட்டுகிறவருக்குக் காய்ச்சல். வாத்தியார் வேறு வழியில்லாமல் நைனாவை அழைத்துப் போயிருக்கிறார். 'அரிதாரம் பூசிட்டா யாருக்கு என்னா தெரியப் போவுது' என்று சொன்னாராம்.

ராத்திரி முழுக்க ஆடியிருக்கிறார். கர்ணன் சாகிற இடத்தில் பெண்கள் அழுதிருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். ஒரு அம்மா தன் பிள்ளையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து வாங்கிப் போயிருக்கிறார். விடிந்ததும் கிரீடத்தை மட்டும் கழற்றி வைத்துவிட்டு முகப் பூச்சோடு டீக்கடைக்குப் போனார். கண்ணாடி கிளாஸில் டீ வந்தது. குடித்தார். பிறகு அங்கேயே ஓரமாக உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தொட்டு முகத்தைத் துடைத்தார். களைப்பு, இன்னொரு டீ கேட்டார். கடைக்காரர் முகத்தைப் பார்த்தார். பக்கத்துக் கழனியில் அறுப்புக்கு வந்து போகிற முகம். இரண்டாவது டீ, கொட்டாய்க் காலில் செருகி வைத்திருந்த அலுமினிய டம்ளரில் வந்தது.

முதல் டீ கர்ணனுக்கு. இரண்டாவது டீ என் அப்பனுக்கு. நடுவில் இருந்தது ஒரு கை எண்ணெய்.

இதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நான் சிரித்ததில்லை.

கர்ணன் கதையையே கொஞ்சம் கட்டுடைத்துப் பாருங்கள். பிறப்பைக் கேட்டு அவையில் தலைகுனிய வைக்கப்பட்டவன். அவனுக்குக் கிரீடம் துரியோதனன் கொடுத்தது, அதாவது இன்னொருவன் தயவு. பொன்னுருவி தேரோட்டி மகன் என்று புருஷனை இளக்காரமாகப் பார்க்கிறாள். அவன் குந்தி பெற்ற பிள்ளை, க்ஷத்திரியன் என்று தெரிந்த பிறகுதான் அவள் மனம் மாறுகிறது. தேரோட்டி மகனாகவே இருந்திருந்தால்? கூத்து அதற்குப் பதில் சொல்வதில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். கவச குண்டலம் அவன் உடம்போடு பிறந்தது. அதைப் பறிக்க இந்திரன் வந்தது பார்ப்பன வேஷத்தில். போர்க்களத்தில் அவன் புண்ணியத்தை வாங்கிப் போகக் கண்ணன் வந்ததும் அதே வேஷத்தில். அதாவது, வேஷம் போட்டவர்கள் அவர்கள். தோல் உரிந்தது இவனுக்கு. ஆனால் 'வேஷக்காரன்' என்ற வசவு மட்டும் எப்படியோ நம் பக்கம் வந்து சேர்ந்திருக்கிறது.

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கமோ வெள்ளியோ அணியக்கூடாது. ஆண்கள் வேட்டியை முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ கட்டக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது.

எட்டில் ஏழு, உடம்பின் மேல் என்ன இருக்கலாம் என்ன இருக்கக்கூடாது என்பது பற்றியது. கோட்டு, சட்டை, பனியன் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லித் தடுத்திருக்கிறார்கள், சந்துபொந்து விடக்கூடாது என்று. சாதியும் ஒரு கூத்து வாத்தியார்தான் தோழர்களே. யாருக்கு என்ன வேஷம் என்று அதுதான் பிரித்துக் கொடுக்கிறது. நமக்குக் கொடுத்த வேஷம் அரைநிர்வாணம். நாம் 'இயல்பாக' இருந்தோம், பிறகு கோட்டுப் போட்டு 'வேஷம்' கட்டினோம் என்பது பொய். கோவணமே அவர்கள் கட்டிவிட்ட வேஷம்.

அதே டிசம்பரில் லண்டனில் என்ன நடந்துகொண்டிருந்தது? முதலாம் வட்டமேசை மாநாடு. 1930 நவம்பர் 12 முதல் 1931 ஜனவரி 19 வரை. அங்கே நம் சார்பில் இரண்டு பேர். ஒருவர் பாபாசாகேப் அம்பேத்கர். இன்னொருவர் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். இராமநாதபுரத்தில் பனியன் கூடாது என்ற அதே மாதம், கோழியாளத்துக்காரர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். பேரரசர் ஐந்தாம் ஜார்ஜைச் சந்தித்தபோது தன் உடையின் மேல் 'பறையன், தீண்டத்தகாதவன்' என்று எழுதிய பட்டையை அணிந்திருந்தார் என்பது நம்மிடையே வழங்கிவரும் செய்தி. 1893இலேயே தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தவர், செய்திருக்கக்கூடியவர்தான். என் நைனா முகத்தைத் துடைத்த பிறகு இழந்ததை அவர் துடைக்காமலே மார்பில் ஒட்டிக்கொண்டு போனார். யார் என்று தெரியாததால் கிடைக்கிற மரியாதை வேண்டாம், யார் என்று தெரிந்தே கொடு என்கிற உடை அது.

காந்தி சட்டையைக் கழற்றியது நம் மதுரையில், 1921 செப்டம்பர் 22ஆம் தேதி. ஏழைகளைப் போல் இருக்க வேண்டும் என்று கழற்றினார். அவர் மனசில் பொய் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சட்டை உள்ளவன்தான் அதைக் கழற்றித் தியாகி ஆக முடியும். போடவே கூடாது என்று தடுக்கப்பட்டவன் எதைக் கழற்றுவான்? அவனுக்குப் போடுவதுதான் போராட்டம். 1927 டிசம்பரில் மகாடில் பாபாசாகேப் நம் பெண்களிடம் பேசியபோது, சாதி தெரியும்படி சேலை கட்டுவதை விடுங்கள், கணுக்கால் மறைய கட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஆயிரம் பக்கம் எழுதியவர் சேலைக் கொசுவத்தைப் பற்றியும் பேசினார். அற்ப விஷயம் என்று நினைக்கவில்லை.

நம் ஊருக்கே ஒரு கிரீடக் கதை உண்டு. அண்ணா இந்த ஊர்க்காரர். 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகம் எழுதினார். நாட்டை வென்ற சிவாஜிக்குக் கிரீடம் வைக்கப் பிறப்புச் சான்று கேட்ட கதை அது. அதில் அண்ணாவே காகபட்டராக வேஷம் கட்டினார். சிவாஜியாக நடித்த வி.சி. கணேசனைப் பெரியார் 'சிவாஜி' என்று அழைத்தார். அதுவே பெயராக நிலைத்துவிட்டது. ஒருவர் ராத்திரி கட்டிய வேஷம் ஆயுள் முழுக்கப் பெயராக நிலைத்தது. நல்லது, மகிழ்ச்சி. சூத்திரன் தலையில் கிரீடம் ஏன் கூடாது என்று கேட்ட அந்தக் கலகத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்தக் கேள்வி ஊர்த் தெரு முனையோடு நின்றுவிட்டதே, ஏன்? என் நைனாவின் கிரீடம் மட்டும் ஏன் விடிந்ததும் கழன்றது?

இதில் இன்னொரு ஆபத்து, நமக்கு அவர்கள் வேஷம் கட்டிவிடுவது. 2022 டிசம்பர் 6, பாபாசாகேப் நினைவு நாள். கும்பகோணத்தில் அவருக்குக் காவி உடுத்தி, திருநீறு பூசி, குங்குமம் வைத்துச் சுவரொட்டி ஒட்டினார்கள். மதம் மாறியவரை, 1956இல் நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் ஏற்றவரை, மறுபடி வேஷம் மாற்றி உள்ளே இழுக்கப் பார்க்கிறார்கள். அந்த நீலக் கோட்டு அவர்களுக்கு உறுத்துகிறது. ஊர் ஊராகச் சிலையைக் கூண்டில் வைத்திருக்கிறோமே, கூண்டுக்குள் இருப்பது கல் மட்டுமா? கோட்டு. புத்தகம். நீட்டிய விரல்.

இப்போது பையன் வேஷத்துக்கு வருகிறேன். அவனிடம் ஒரு விஷயம் சொன்னேன், அவனுக்குத் தெரியாது. பிளாக் பேந்தர் பாத்திரம் அமெரிக்கப் படக்கதையில் முதலில் வந்தது 1966. அதே வருஷம் அக்டோபரில் ஓக்லண்டில் கருப்பின இளைஞர்கள் பிளாக் பேந்தர் கட்சி தொடங்கினார்கள். கருப்புத் தோல் சட்டை, கருப்புத் தொப்பி. அவர்களும் உடையைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. அந்தப் பெயரைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே போன்றவர்கள் தலித் பேந்தர் தொடங்கினார்கள். 1982இல் மதுரையில் மலைச்சாமி மூலமாக அது தமிழ்நாட்டுக்கு வந்தது. அதுதான் பிறகு சிறுத்தைகள் ஆனது. 'நீ ஒட்டிக்கிட்டு இருக்கறது வெறும் ஃபோம் அட்டை இல்லடா' என்றேன். 'மாமா, எனக்கு அந்த மாஸ்க் டிசைன் புடிச்சிது, அவ்ளோதான்' என்றான். சரி, அதுவும் நியாயம்தான். நம் பிள்ளைகள் எதைச் செய்தாலும் அதில் போராட்டம் தேடுவதும் ஒரு வன்முறை. சும்மா விளையாட்டுக்கு ராஜாவாக இருக்க உரிமை கேட்பதும் நம் விடுதலையில் சேர்த்திதான்.

இதையெல்லாம் ஒரு நாள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: 'நைனாவும் ராஜா, பையனும் ராஜா. கோட்டு போட்டா ஆம்பளைங்க. நான் யாரு?' என்னிடம் பதில் இல்லை. கூத்தில் பொம்பளை வேஷத்தையும் ஆண்கள்தானே கட்டினார்கள்? பாஞ்சாலியின் கூந்தலை முடிந்தவனும் ஆண்தான். இங்கே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் படித்தார்கள், ஆண் வேஷங்களையும் கட்டி ஆடினார்கள். அது ஒரு உடைப்பு. ஆனால் அக்கா கேட்டது மேடையைப் பற்றி அல்ல.

அக்கா கூலித் தறி நெய்கிறாள். அவள் சொன்னாள்: 'முகூர்த்தப் பொடவை அறுத்ததும் முதலாளி வூட்டுக்கு எடுத்துக்கினு போறதுக்கு முன்னால, கதவ சாத்திக்கினு ஒரு வாட்டி தோள்ல போட்டு கண்ணாடில பாப்பேன். அப்பறம் மடிச்சிடுவேன். இருபது வருசமா ஒவ்வொரு பொடவைக்கும் பாக்குறேன். நீ கவிஞனாச்சே. அது வேஷமா, உடையா, சொல்லு.'

தோழர்களே, நான் இங்கே பேச வந்ததே அந்தக் கேள்வியால்தான். தான் நெய்த பட்டைத் தானே போட்டுப் பார்ப்பது வேஷம் என்றால், இந்த ஊரில் எது உடை? சாத்திய கதவுக்கு உள்ளே ஒரு நிமிஷம். நைனாவுக்கு ஒரு ராத்திரி. பையனுக்கு ஒரு பகல். எல்லாமே நேரம் குறித்துக் கொடுத்த ராஜ்யம். வேஷம் கட்டுவது தப்பில்லை. தன்னை வேறாக நினைத்துப் பார்க்க முடியாதவன் விடுதலையையும் நினைத்துப் பார்க்க மாட்டான். கிரீடம் வைத்த ராத்திரி நைனாவின் முதுகெலும்பு கற்றுக்கொண்ட நிமிர்வு இன்னும் அவரிடம் இருக்கிறது, பேரனுக்கு முடிச்சுப் போட்டபோது பார்த்தேன். ஆனால் அதோடு திருப்தி அடையச் சொல்வது ஆதிக்கத்தின் தந்திரம். ராத்திரிக்கு நீ கர்ணன், காலையில் அலுமினிய டம்ளர். நமக்கு வேண்டியது விடியலில் கலையாத வேஷம். அந்தக் கோட்டு அப்படிப்பட்டது. அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் புடவையைக் கட்டுகிற நாள் அப்படிப்பட்டது. அதற்குக் கூலி வேண்டும், தறி சொந்தமாக வேண்டும், வீதி வேண்டும். வெறும் துணியால் ஆகாது.

பையன் அன்றைக்குத் திரும்பி வந்த கதையைச் சொல்லி முடிக்கிறேன். நாள் முழுக்க அவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். வருகிற வழியில் ரயிலில் முகமூடியைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறான். எதிரில் உட்கார்ந்திருந்த ஒருவர் ஆசையாக வாங்கிப் பார்த்து, 'நீயே செஞ்சதா தம்பி? பிரமாதம். எந்த ஊரு?' என்றிருக்கிறார். காஞ்சிபுரம் என்றான். 'காஞ்சிபுரத்துல எங்க?' என்றிருக்கிறார். இந்த இரண்டாவது கேள்வி நமக்கெல்லாம் தெரியும். இரண்டாவது டீ அது.

'என்னடா சொன்ன?' என்று கேட்டேன்.

'அம்பேத்கர் நகர்னேன் மாமா.'

'அவர் என்ன சொன்னார்?'

'ஒண்ணும் சொல்லல. முகமூடிய திருப்பிக் குடுத்துட்டு ஜன்னல் பக்கம் பாத்துக்கினாரு. நான் மாட்டிக்கல. மடியிலயே வெச்சிக்கினேன்.'

நைனா கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் அவன் தோளில் இன்னும் இருந்த நாடாவை அவிழ்த்துவிட்டார். முடிச்சு அப்படியே இறுகி இருந்தது.

ஜெய்பீம்.